யானை வீட்டில் ஒரு பிள்ளைப்பேறு!



போன மாதம் என் பேத்தியை மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்கே தூண்களில் யாளி நிற்குமே, பார்த்திருக்கிறீர்களா? சிங்க உடம்பு, பிதுங்கிய கண், சில யாளிகளுக்கு யானையைப் போலத் துதிக்கை. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றவள், திடீரென்று கேட்டாள்:

'பாட்டி, யாளி குட்டி போடுமா, முட்டை இடுமா? அதுக்கு அம்மா, அப்பா, பாட்டி எல்லாம் உண்டா?'

முப்பது வருடத்துக்கும் மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள் நான். எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தெரியவில்லை! யாளியை யாரும் பார்த்ததில்லை. அது சிற்பிகளின் கற்பனையில் பிறந்த விலங்கு.

'யாளி வீட்டுக் கதை எனக்குத் தெரியாது கண்ணு. ஆனா, அந்தத் துதிக்கைக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கதை நல்லாத் தெரியும். அது யாளிக் கதையை விட அதிசயமா இருக்கும்' என்றேன்.

அவளுக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன். எங்கள் நீலகிரி மலையில் வாழும் யானைகள் எப்படித் துணை தேடுகின்றன, எப்படிப் பிள்ளை பெறுகின்றன, எப்படி வளர்க்கின்றன... கேளுங்கள்!

குட்டியா, கன்றா, குழவியா?

முதலில் ஒரு சின்னத் தமிழ்ப் பாடம். பேச்சில் நாம் 'யானைக்குட்டி' என்போம். மரபுப்படி 'யானைக்கன்று' என்று சொல்ல வேண்டும் என்று உங்கள் தமிழ் ஆசிரியர் சொல்லியிருப்பார். ஆண் யானைக்குக் களிறு என்றும், பெண் யானைக்குப் பிடி என்றும் பெயர்.

இன்னொரு பெயரும் உண்டு. யானையின் பிள்ளையைக் 'குழவி' என்றும் அழைக்கலாம் என்கிறது தொல்காப்பியம். மனிதக் குழந்தைக்குச் சொல்லும் அதே சொல்! நம் முன்னோர்கள் யானையை எவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருந்தால் இப்படி ஒரு பெயரைக் கொடுத்திருப்பார்கள்!

யானைக்கு அறிவு அதிகம் என்பது சும்மா பேச்சு இல்லை. அதன் மூளை சுமார் 5 கிலோ எடை இருக்கும். 2006ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில், நியூயார்க் நகர விலங்குக் காட்சி சாலையில், பெரிய கண்ணாடி ஒன்றை யானைகளின் முன்னால் வைத்தார்கள். 'ஹேப்பி' என்ற ஆசிய யானையின் நெற்றியில் வெள்ளையாக ஒரு குறி போட்டிருந்தார்கள். அது கண்ணாடியைப் பார்த்துவிட்டு, துதிக்கையால் தன் நெற்றியில் இருந்த குறியைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தது! 'கண்ணாடியில் தெரிவது நான்தான்' என்று அதற்குப் புரிந்திருக்கிறது. உலகத்தில் மிகச் சில விலங்குகளுக்கே இது புரியும்.

பாட்டி சொல்லைத் தட்டாதே!

யானைக் குடும்பத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? பாட்டிதான்! வயதில் மூத்த பிடியானைதான் கூட்டத்தை நடத்திச் செல்லும். எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் இருக்கும், எந்த மூங்கில் காட்டில் இப்போது தழை கிடைக்கும், எந்தப் பக்கம் ஆபத்து... எல்லாம் அதன் நினைவில் இருக்கும். அதற்குப் பின்னால் மகள்கள், பேத்திகள், சின்னக் கன்றுகள் என்று வரிசையாக நடக்கும்.

பாட்டி கூட இருப்பதால் என்ன நன்மை? மியான்மர் நாட்டில், காட்டில் மரம் இழுக்கும் யானைகளின் பிறப்பு, இறப்புக் கணக்கைப் பல்லாண்டுகளாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஏடுகளை விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 2016ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். 20 வயதுக்கு உட்பட்ட இளம் தாய்க்குப் பிறக்கும் கன்று, பாட்டி கூடவே இருந்தால் இறந்து போகும் ஆபத்து எட்டு மடங்கு குறைகிறதாம்! 'பாட்டி சும்மா ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள்' என்று இனிமேல் யாராவது சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள்!

தேன் மணக்கும் இளங்களிறு

சரி, இந்தக் குடும்பத்தில் அப்பா எங்கே?

அப்பா கூட்டத்தில் இருப்பதில்லை. வளர்ந்த ஆண் யானைகள் தனியாகவோ, இரண்டு மூன்றாகச் சேர்ந்தோ திரியும். ஆண்டுக்கு ஒருமுறை அவற்றுக்கு 'மதம்' பிடிக்கும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெய் போன்ற நீர் கன்னத்தில் வழியும். இதுதான் மதநீர். சில வாரங்கள் முதல் இரண்டு, மூன்று மாதங்கள் வரை இது நீடிக்கலாம். மதம் என்றால் பைத்தியம் இல்லை, நோயும் இல்லை. 'நான் பலசாலி, துணை தேடி வந்திருக்கிறேன்' என்று களிறு காட்டுக்கே தண்டோரா போடும் காலம் அது. அப்போது அதற்கு முன்கோபம் அதிகம். பாகன்கள் கூட நெருங்க மாட்டார்கள்.

யானையின் கன்னத்தில் வண்டுகள் மொய்ப்பதாகப் பழைய தமிழ்ப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். 'மதநீர் நாற்றமடிக்குமே, அதில் வண்டு எப்படி மொய்க்கும்? புலவர் சும்மா அளக்கிறார்' என்று நான் மாணவியாக இருந்தபோது நினைத்ததுண்டு. பிறகுதான் தெரிந்தது. முதல் முறை மதம் காணும் இளம் களிறுகளின் மதநீரில் தேன் போன்ற இனிய மணம் இருக்கிறது என்று 2002ம் ஆண்டு விஞ்ஞானிகள் கண்டறிந்து எழுதினார்கள். வயது ஏற ஏறத்தான் அது கடும் நாற்றமாக மாறுமாம். 'அண்ணே, நான் சின்னப் பையன், என்னோடு சண்டைக்கு வராதீங்க' என்று பெரிய களிறுகளுக்கு அந்த மணம் சொல்லும் சேதி! நம் புலவர்கள் சும்மா அளக்கவில்லை, பார்த்தீர்களா?

காற்றில் வரும் தபால்

பிடியானை எங்கோ ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. களிறு வேறொரு மலையில் இருக்கிறது. இரண்டும் எப்படிச் சந்திக்கும்?

இதற்கு இரண்டு தபால்கள் உண்டு.

முதல் தபால், வாசனை. பிடியானைக்குத் தாய்மை அடைய ஏற்ற நாட்கள், சுமார் நான்கு மாதத்துக்கு ஒருமுறை, சில நாட்கள் மட்டுமே வரும். அப்போது அதன் சிறுநீரில் ஒரு வேதிப்பொருள் சேரும். களிறு துதிக்கை நுனியால் அதைத் தொட்டு, வாய்க்குள் மேலண்ணத்தில் உள்ள ஓர் உறுப்பில் வைத்துப் பார்க்கும். 'ஓ... இன்னார் தயார்!' என்று தெரிந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை. நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்களும் இதே வேதிப்பொருளைத்தான் துணையை அழைக்கப் பயன்படுத்துகின்றன! இது 1996ம் ஆண்டு தெரிய வந்தது. அப்படியானால் அந்துப்பூச்சி யானையைத் தேடி வந்துவிடாதா? வராது. அந்துப்பூச்சிகள் இதனுடன் வேறு பொருட்களையும் கலந்துதான் தங்கள் 'முகவரி'யை எழுதுகின்றன.

இரண்டாவது தபால், ஒலி. 1984ம் ஆண்டு, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர விலங்குக் காட்சி சாலையில் கேட்டி பெய்ன் என்ற பெண் ஆய்வாளர் யானைகளின் அருகே உட்கார்ந்திருந்தார். சத்தமே இல்லை. ஆனால், காற்று மட்டும் 'கும் கும்' என்று அதிர்வதுபோல உணர்ந்தார். கருவிகளை வைத்துப் பதிவு செய்து பார்த்தபோது, மனிதக் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்வது தெரிந்தது! இந்த ஒலி காட்டில் வெகு தூரம் போகும். நமக்கு அமைதியாகத் தோன்றும் காடு, யானைகளுக்குப் பேச்சும் கூச்சலுமாக இருக்கும்!

தேடி வரும் எல்லாக் களிறுகளையும் பிடி ஏற்றுக்கொள்ளாது. பிடிக்காவிட்டால் விலகி ஓடும். பெரும்பாலும் வயதும் வலிமையும் உள்ள களிறைத்தான் அருகில் விடும். இரண்டும் சில நாட்கள் சேர்ந்தே திரியும். பிறகு களிறு தன் வழியே போய்விடும். பிள்ளையை வளர்ப்பது முழுக்க முழுக்கப் பெண்கள் வேலை!

ஏறத்தாழ இரண்டு வருடம்!

மனிதக் குழந்தை அம்மா வயிற்றில் பத்து மாதம் என்போம். முயலுக்கு ஒரு மாதம். யானைக்கு? ஏறத்தாழ 22 மாதங்கள்! நீங்கள் ஐந்தாம் வகுப்பில் சேரும்போது ஒரு யானை கருவுற்றால், நீங்கள் ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதும் சமயத்தில்தான் கன்று பிறக்கும்.

பிறக்கும்போதே கன்று சுமார் 100 கிலோ எடை, மூன்றடி உயரம் இருக்கும். உடம்பு முழுக்கச் செம்பட்டை முடி இருக்கும். பெரும்பாலும் இரவில்தான் பிரசவம் நடக்கும். அம்மா நின்றபடியே ஈனும். மற்ற பிடியானைகள் சுற்றி நிற்கும். கன்று விழுந்ததும் பிளிறும், உறுமும், துதிக்கையால் தொட்டுத் தொட்டு முகர்ந்து பார்க்கும். ஓரிரு மணி நேரத்தில் கன்று தள்ளாடி எழுந்து நின்றுவிடும்.

டீச்சர் வாங்கிய திட்டு

இனி நான் பார்த்த கதைக்கு வருகிறேன். நான் செய்த தவறின் கதையும் இதுதான்.

1990களில் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு சின்னப் பள்ளியில் வேலை பார்த்தேன். ஒரு ஜூன் மாதக் காலை. இறைவணக்கம் முடிந்ததும் மேஸ்திரி மூச்சிரைக்க ஓடி வந்தார். 'டீச்சர், கீழ்க்காட்டுல ஓடைக்குப் பக்கத்துல ராத்திரி ஆனை கண்ணு போட்டிருக்கு. இன்னிக்கு அந்தப் பக்கம் கொழுந்து எடுக்கலை. பிள்ளைங்களை வெளியே விடாதீங்க' என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஆசை விடவில்லை. 'இதைவிட நல்ல அறிவியல் பாடம் கிடைக்குமா?' என்று நினைத்தேன். பிள்ளைகள் எல்லாரையும் வரிசையாக அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் இருந்த மேட்டுக்குப் போனேன். கீழே ஆறேழு யானைகள். அவற்றின் கால்களுக்கு நடுவே குச்சி குச்சிக் காலோடு ஒரு கன்று! அது எழும், விழும், மறுபடி எழும்.

பிள்ளைகள் எத்தனை நேரம் சும்மா இருப்பார்கள்? ஒருவன் 'ஹோய்' என்று கத்தினான். மற்றவர்கள் கைதட்டினார்கள். அவ்வளவுதான்! பெரிய பிடியானை காதை விரித்துக்கொண்டு எங்களை நோக்கி மேட்டில் ஏறியது. நாங்கள் அலறியடித்து வகுப்பறைக்குள் ஓடினோம். அது பாதி வழியில் நின்று திரும்பிவிட்டது. ஆனால், அதற்குள் கூட்டம் மிரண்டு சோலைப் பக்கம் ஓட ஆரம்பித்தது. கூட ஓட முடியாத கன்று, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வெட்டியிருந்த கானுக்குள் விழுந்துவிட்டது. கான் என்றால் மழைநீர் வடியும் பள்ளம்.

சத்தம் கேட்டு நாலா பக்கமிருந்தும் ஆட்கள் கூடிவிட்டார்கள். அம்மா யானையும் இன்னும் இரண்டும் தூரத்தில் நின்று தவித்தன. ஆட்களைக் கண்டு கிட்டே வரப் பயம். விட்டுப் போகவும் மனமில்லை.

அப்போதுதான் அந்தப் பாட்டி வந்தார். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். பிடித்தார் ஒரு பிடி!

'ஏன் டீச்சரம்மா, புள்ள பெத்த வீட்டுல இப்படித்தான் கூட்டம் கூட்டமாப் போயி எட்டிப் பாப்பீங்களா? பெத்தவளுக்கு எப்படி இருக்கும்? படிச்சவங்கதானே நீங்க?'

எனக்குத் தலை நிமிரவில்லை. பாட்டி அத்தோடு விடவில்லை. 'எல்லாரும் வீட்டுக்குப் போங்க. யாரும் கயிறு கியிறுன்னு எடுத்துக்கிட்டுக் கிட்டப் போகக் கூடாது. ஆள் வாடை பட்டா ஆத்தாக்காரி மிரளுவா. ராத்திரி யாரும் வெளக்கு அடிக்காதீங்க, பட்டாசு போடாதீங்க' என்று ஒவ்வொரு லைன் வீட்டு வாசலிலும் நின்று சொன்னார். மேஸ்திரியும் ஒப்புக்கொண்டார். சாயங்காலமே கதவுகள் சாத்தப்பட்டன. அன்று ரேடியோ கூடப் பாடவில்லை.

இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. 'கன்றுக்கு ஏதாவது ஆனால் அது என்னால்தானே' என்று மனசு அடித்துக்கொண்டது. நடுராத்திரியில் மண் சரியும் சத்தமும், கிளை முறியும் சத்தமும் கேட்டன. பிறகு அமைதி.

விடிந்து, வெயில் வந்த பிறகு மேஸ்திரியோடு போய்ப் பார்த்தோம். கானின் ஒரு கரை முழுக்க இடிந்து சரிவாகக் கிடந்தது. யானைகள் காலால் மிதித்து மிதித்து மண்ணைத் தள்ளி, கன்று ஏறி வர வழி செய்திருக்கின்றன! ஈரமண்ணில் அண்டாவைக் கவிழ்த்தது போலப் பெரிய தடங்கள். அவற்றுக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டுக் கூட இல்லாத சின்னஞ்சிறு தடங்கள், சோலையை நோக்கிப் போயிருந்தன.

மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் முன்னால் நின்று, 'நேற்று டீச்சர் செய்தது தப்பு' என்று சொன்னேன். பாட்டியிடமும் மன்னிப்புக் கேட்டேன். 'போகட்டும் டீச்சரம்மா, அவளே மன்னிச்சுட்டுப் போயிட்டா' என்று சிரித்தார்.

துதிக்கையோடு ஒரு சண்டை

பிறந்த கன்றுக்குத் தன் துதிக்கையை என்ன செய்வது என்றே தெரியாது! அதில் ஆயிரக்கணக்கான தசைக் கட்டுகள் இருக்கின்றன. ஆட்டிப் பார்க்கும், அதையே மிதித்து விழும், நம் வீட்டுப் பாப்பா விரல் சூப்புவது போலத் துதிக்கை நுனியை வாயில் வைத்துச் சூப்பும். அதனால் தண்ணீர் உறிஞ்சப் பழகச் சில மாதங்கள் ஆகும்.

கன்று பால் குடிப்பது துதிக்கையால் அல்ல, வாயால்தான். யானைக்கு மடி பசுவைப் போலப் பின்னங்கால் பக்கம் இருக்காது. முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கும். கன்று துதிக்கையைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு வாயை வைத்துக் குடிக்கும்.

இன்னொன்று சொன்னால் 'சீச்சீ' என்பீர்கள். கன்று அம்மாவின் சாணத்தைக் கொஞ்சம் தின்னும்! ஏன் தெரியுமா? புல்லையும் தழையையும் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் கன்றின் வயிற்றில் பிறவியில் இருக்காது. அவை அம்மாவின் சாணத்திலிருந்துதான் அதற்குக் கிடைக்கின்றன.

கூட்டம் நடக்கும்போது கன்று அம்மாவின் வயிற்றுக்கு அடியில்தான் நடக்கும். அம்மா மேயும்போது அக்கா, சித்தி, பெரியம்மா யாராவது பார்த்துக்கொள்ளும். கன்று பயந்து கத்தினால் ஓடி வந்து துதிக்கையால் தடவிக் கொடுக்கும். ஒன்றின் வாய்க்குள் இன்னொன்று துதிக்கையை வைத்து ஆறுதல் சொல்வதைத் தாய்லாந்தில் கவனித்து, 2014ம் ஆண்டு எழுதியிருக்கிறார்கள்.

கன்று இறந்துவிட்டால்? மேற்கு வங்காளத்தின் வடபகுதித் தேயிலைத் தோட்டங்களில், இறந்த கன்றுகளை யானைகள் தூக்கிச் சென்று வாய்க்கால் பள்ளங்களில் இட்டு மண் மூடிய ஐந்து நிகழ்வுகளை, 2024ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தோட்டத்துக் கான்தான் நினைவுக்கு வந்தது. குழந்தைகளே, நல்ல வேளை... எங்கள் கன்று பிழைத்தது.

மகள் தங்குவாள், மகன் கிளம்புவான்

பெண் கன்று வாழ்நாள் முழுக்க அம்மா கூட்டத்திலேயே இருக்கும். தங்கை, தம்பிகளைப் பார்த்துப் பார்த்தே பிள்ளை வளர்க்கக் கற்றுக்கொள்ளும். ஆண் கன்று பத்து முதல் பதினைந்து வயதில் கூட்டத்தை விட்டுப் பிரிந்து போகும். மூத்த களிறுகளோடு சேர்ந்து, காட்டு வாழ்க்கையின் சூட்சுமங்களைப் பழகும். நெருங்கிய உறவுக்குள்ளேயே பிள்ளை பிறக்காமல் இருக்க இது காட்டின் ஏற்பாடு!

தெப்பக்காட்டுத் தாய்மார்

முதுமலைக்குச் சுற்றுலா வந்தால் தெப்பக்காடு முகாமைப் பார்க்கலாம். மாயாறு ஓரம் இருக்கும் இந்த யானை முகாமுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. முன்பு இங்கே யானைகள் மரம் இழுத்தன. காலையும் மாலையும் கேழ்வரகு, கொள்ளு, வெல்லம் சேர்த்த கவளம் கிடைக்கும். மற்ற நேரம் காட்டில் மேய விடுவார்கள். அப்படி மேயப் போகும் பிடியானைகளைத் தேடிக் காட்டுக் கொம்பன்கள் வரும். அதனால் இங்கே பிறந்த எத்தனையோ கன்றுகளுக்கு அம்மா முகாம் யானை, அப்பா காட்டு யானை!

மியான்மரில் மரவேலை செய்யும் யானைகளுக்குப் பிரசவ விடுப்பே உண்டு. கர்ப்பத்தின் பாதியில் தொடங்கி, கன்றுக்கு ஒரு வயது ஆகும் வரை வேலை கிடையாது.

தமிழக வனத்துறையில் கால்நடை மருத்துவராக இருந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, வாழ்நாளையே யானைகளுக்குக் கொடுத்தவர். 2002ம் ஆண்டு மறைந்தார். எழுத்தாளர் ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையில் வருபவர் இவர்தான்.

கூட்டத்தைப் பிரிந்த கன்றுகளும் தெப்பக்காட்டுக்கு வருவதுண்டு. ரகு, பொம்மி என்ற இரண்டு கன்றுகளை பொம்மன், பெள்ளி என்ற தம்பதி சொந்தப் பிள்ளைகளைப் போல வளர்த்தார்கள். ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கோன்சால்வஸ் இதைப் படமாக்கினார். அந்த ஆவணப்படம் 2023ம் ஆண்டு ஆஸ்கர் விருது பெற்றது.

ஒரு சின்னக் கணக்கு

நோட்டை எடுங்கள்! ஒரு பிடியானை 15 வயதில் முதல் கன்று ஈனுகிறது. பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒன்று. 50 வயது வரை எத்தனை கன்றுகள்?

'35ஐ 5ஆல் வகுத்தால் 7' என்று அவசரப்படாதீர்கள். 15, 20, 25... என்று விரல் விட்டு எண்ணுங்கள். எட்டு! வாழ்நாள் முழுக்க, எல்லாம் நல்லபடியாக நடந்தால் கூட எட்டுதான். அதிலும் எல்லாக் கன்றுகளும் பிழைப்பதில்லை. ஒரு யானையை இழந்தால், அந்த இடம் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆசிய யானைகளில் ஆணுக்கு மட்டும்தான் பெரிய தந்தம் உண்டு. தந்தமில்லாத ஆண் யானைக்கு 'மக்னா' என்று பெயர். தந்தத்துக்காகக் களிறுகளைச் சுட்டுக் கொன்றதால், கேரளத்தின் பெரியாறு காட்டில் ஒரு காலத்தில், வளர்ந்த களிறு ஒன்றுக்கு நூறு பிடிகள் என்ற நிலைமை வந்தது. அப்பா இல்லாத காட்டில் கன்று எப்படிப் பிறக்கும்? பிறப்பே குறைந்து போனது. 1986ல் நம் நாட்டில் இந்திய யானைத் தந்த வியாபாரமும், 1989ல் உலக நாடுகளுக்கு இடையிலான தந்த வியாபாரமும் தடை செய்யப்பட்டன.

2025 அக்டோபரில் வெளியான மரபணுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் உள்ள காட்டு யானைகள் 22,446. இதில் பாதிக்கும் மேல், அதாவது 11,934 யானைகள், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் இருக்கின்றன.

வழி விடுவோம்!

களிறு துணையைத் தேடி நடக்க வேண்டும். பாட்டி கூட்டத்தைத் தண்ணீருக்கு அழைத்துப் போக வேண்டும். நடுவில் சுவரும் மின்வேலியும் வந்தால்?

மேற்கு மலையையும் கிழக்கு மலையையும் இணைக்கும் சீகூர் பீடபூமியில், யானை வழித்தடத்தைக் காக்க வேண்டும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2022ல் எங்கள் குன்னூர் மலை ரயில் பாதையில், ஹில்குரோவ் அருகே கட்டிய சுவரால் யானைகள் கடக்க முடியாமல் தவித்தன. அந்தக் காட்சி வெளியே வந்ததும் ரயில்வே சுவரை அகற்றியது.

2023 டிசம்பர் கடைசியில், வால்பாறை அருகே தேயிலைத் தோட்டத்தில் ஒரு கன்று தனியே திரிந்தது. வனத்துறையினர் டிரோன் பறக்க விட்டுக் கூட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். கன்றின் மேல் மனித வாடை இருக்கக் கூடாது என்று குளிப்பாட்டி, கூட்டத்தோடு சேர்த்தார்கள். சில நாள் கழித்து, அம்மாவின் மேல் சாய்ந்து அந்தக் கன்று உறங்கும் படம் வெளியானது. ஆள் வாடை பட்டால் ஆத்தாக்காரி மிரளுவாள் என்று எங்கள் பாட்டி அன்றே சொன்னது நினைவிருக்கிறதா?

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மே, ஜூன் மாதங்களில் பலாப்பழம் தேடி, பர்லியாறு பக்கம் யானைகள் வரும். அந்தச் சாலையில் யானையைக் கண்டால் காரை விட்டு இறங்காதீர்கள். செல்போனில் படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். கத்தாதீர்கள். மலைக்கு வரும்போது பிளாஸ்டிக்கை வீசாதீர்கள். கன்று தனியாக நின்றால் தொடாமல் விலகி வந்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். அப்பா, அம்மா இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டால், 'அது பிள்ளை பெத்த வீடு, எட்டிப் பார்க்கக் கூடாது' என்று நீங்கள் சொல்லுங்கள்!

உங்களுக்குத் தெரியுமா?

* யானைக்கு இரட்டைப் பிள்ளை பிறப்பது மிக அபூர்வம். இலங்கையில் பின்னவல யானைகள் சரணாலயத்தில் சுரங்கி என்ற யானைக்கு, 2021 ஆகஸ்ட் 31ல் இரட்டை ஆண் கன்றுகள் பிறந்தன. அந்த நாட்டில் 1941க்குப் பிறகு அதுதான் முதல் முறை!

* ஆசிய யானையின் துதிக்கை நுனியில் 'விரல்' ஒன்று. ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு.

* 2010ம் ஆண்டு யானை, இந்தியாவின் தேசிய பாரம்பரிய விலங்காக அறிவிக்கப்பட்டது.

* ஆகஸ்ட் 12, உலக யானைகள் தினம்.

கதையைக் கேட்டு முடித்த என் பேத்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, 'பாட்டி, யாளியையும் யாரோ ரொம்பக் கிட்டப் போய் எட்டிப் பார்த்திருப்பாங்களோ? அதான் அது போயிடுச்சோ?' என்றாள்.

யாளி கற்பனைதான். ஆனால், அவள் கேட்ட கேள்வி கற்பனை இல்லை. யானையும் ஒரு நாள் தூணில் மட்டும் நிற்கும் விலங்காகிவிடக் கூடாது. பார்த்துக்கொள்வீர்கள்தானே, செல்லங்களே?